அச்சு மாதிரி எழுதுகிறாள், ஆனால் புரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. இரண்டரை வயதில்தான் கண்டுபிடித்தோம். காது மெஷின் போட்டிருக்கிறாள். சில வார்த்தைகள் சொல்வாள், வீட்டில் எங்களுக்கு மட்டும் புரியும். ஊர் அரசுப் பள்ளியில் 2ஆம் வகுப்பு படிக்கிறாள். எழுத்தெல்லாம் தெரியும். போர்டில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவாள். ஆனால் எழுதியதில் ஒரு வரிகூட அவளுக்குப் புரியவில்லை. நான் கையை ஆட்டிப் பேசினால் மாமியார், 'இப்படியே பழக்கினால் இவள் வாயே திறக்க மாட்டாள்' என்கிறார். ஆபரேஷன் செய்யாமல் விட்டது தப்போ என்று ராத்திரியெல்லாம் யோசனை. இவளை எப்படிப் படிக்க வைப்பது?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'ஒரு வரிகூடப் புரியவில்லை' என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் என் கண் நின்றது. காது கேளாத பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் எடுத்துவருகிறேன். இந்த விஷயம் பெரும்பாலான பெற்றோருக்கு 6ஆம் வகுப்பிலோ 8ஆம் வகுப்பிலோதான் தெரியவரும். அதுவரை நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'நன்று'. யாருக்குச் சந்தேகம் வரும்? நீங்கள் 2ஆம் வகுப்பிலேயே பார்த்துவிட்டீர்கள். நேரம் இருக்கிறது.

உங்கள் பெண் இப்போது செய்வது எழுதுவது அல்ல, கோலம் போடுவது. புள்ளியும் சரி, வளைவும் சரி. கோலத்துக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை, அவளிடமும் கேட்கவில்லை. காது கேட்கிற குழந்தை 1ஆம் வகுப்புக்கு வரும்போதே ஐந்து வருடத்துப் பேச்சைக் காதில் ஏற்றிக்கொண்டு வருகிறது. 'கிணறு' என்று எழுத்துக்கூட்டிப் படித்ததும், 'ஓ, நம்ம தோட்டத்துக் கிணறு' என்று சொல் போய் ஏற்கெனவே இருக்கிற ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் பெண் அந்தச் சொல்லை முதன்முதலில் சந்திப்பதே காகிதத்தில்தான். ஒட்டிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை. அதனால் இன்னும் நாலு பக்கம் எழுதச் சொல்வதாலும், 247 எழுத்தையும் மறுபடி ஒப்பிக்க வைப்பதாலும் பயன் இல்லை. அவளுக்குக் குறைவது எழுத்து இல்லை, மொழி.

முதலில் உங்கள் ராத்திரி யோசனையை முடித்துவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் ஆபரேஷன், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு வயது ஏற ஏற அந்த ஆபரேஷனால் கேட்டுப் பேசும் பலனும் குறைந்துகொண்டே போகும். மெஷினில் அவளுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இதற்குமேல் எதுவும் சொல்ல முடியும். அதை உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பவர்) கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நிலத்தை விற்கக் கிளம்பாதீர்கள். ஆபரேஷன் செய்தாலும் அடுத்த நாளே பிள்ளை பேசிவிடாது, வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். செய்த வீட்டிலும் சரி, செய்யாத வீட்டிலும் சரி, நான் கீழே சொல்லப்போகும் வேலை அப்படியேதான் இருக்கிறது. (கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பிறந்த 1 மாதத்துக்குள் காது சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்துகொள்வது, 6 மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும். கணக்கு இதுதான். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திருக்காதீர்கள்.)

மெஷின் விஷயத்தில் ஒரு சோதனை. தினமும் காலையில் மெஷின் மாட்டியதும் அவளுக்குப் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டால் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். நேற்று வரை 'ஷ்'க்குப் போட்டவள் இன்று போடவில்லை என்றால் பேட்டரியோ ட்யூபோ காதுக்குள் பொருந்தும் அச்சோ ஏதோ சரியில்லை. மெஷின் விசில் அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அச்சு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். காது வளரும், அச்சு வளராது. மாற்ற வேண்டும்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதை நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளைக் கை கட்டி உட்காரவைத்துத்தான் பேச்சுப் பயிற்சி கொடுப்போம். சைகை காட்டினால் அதட்டுவோம். ஒரு பையன் மூன்று வருடம் என்னிடம் படித்தான். 'பந்து', 'பூ', 'மாடு' என்று அழகாகச் சொல்வான். ஒருநாள் மதியம் விடாமல் அழுதான். ஏன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, கேட்க எனக்கும் ஒரு வழி இல்லை. வயிற்றுவலி என்று சாயங்காலம்தான் தெரிந்தது. மூன்று வருடத்தில் நாற்பது சொல் கொடுத்திருந்தேன், 'வலிக்கிறது' என்பதைக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் நான் யாருடைய கையையும் கட்டியதில்லை.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோருக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களின் சர்வதேச மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் நம் ஊர் வரை நீண்டது. 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாட்டில் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தார்கள். சைகையால் பேச்சு கெடுவதில்லை. வாய்ப்பேச்சு வருவதும் வராததும் எவ்வளவு கேட்கிறது, எப்போது மெஷின் போட்டார்கள், எவ்வளவு பயிற்சி என்பதைப் பொறுத்தது. மாமியாரிடம் இத்தனையும் சொல்ல வேண்டாம். 'வாயாலும் சொல்றேன், கையாலும் சொல்றேன் அத்தை' என்று சொல்லிவிட்டு இரண்டையும் செய்யுங்கள். பேத்தி கையால் காப்பி கேட்டு அவர் புரிந்துகொண்டு கொடுக்கும் நாளில் அவரே இரண்டு சைகை கற்றுக்கொள்வார். பார்த்திருக்கிறேன்.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளட்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் 'பணம்' என்று சொல்லுங்கள், பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். 'பாட்டு', 'மாட்டு'. ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? பகரமும் மகரமும் இதழ் சேர்ந்து பிறக்கும் எழுத்துகள் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. இதழ் சேர்வது கண்ணுக்குத் தெரியும், மூக்கில் காற்று போவது தெரியாது. ககரமோ தொண்டைப் பக்கம் பிறப்பது. 'காக்கா' என்றால் வாய் திறந்திருப்பது மட்டும்தான் தெரியும். உதட்டசைவு ஒரு துணை, அவ்வளவுதான்.

சைகையை எங்கே கற்பது? டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் சைகை அகராதியை வீடியோவாக வெளியிட்டிருக்கிறது. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள். யூடியூபில் இலவசம். எழுத்து விளக்கம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், ஆனால் பார்க்க வேண்டியது கையைத்தானே. நம் பக்கம் சில சைகைகள் வேறு மாதிரி இருக்கும், குழம்ப வேண்டாம். வாரம் பத்து சொல் போதும். அதைவிட முக்கியம், வளர்ந்த காது கேளாதவர் ஒருவரையாவது தேடிப் பிடிப்பது. உங்கள் மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் எங்கே கூடுகிறது என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் பெண் தன்னைப் போன்ற ஒரு பெரிய அக்கா வேலைக்குப் போய்க்கொண்டு, போனில் வீடியோ காலில் கையால் பேசிச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும். நீங்களும்தான்.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். எதிர்வீட்டில் சாவு. எல்லோரும் ஓடுகிறார்கள், அழுகிறார்கள். பிள்ளை உங்கள் சேலையைப் பிடித்து இழுத்து என்ன என்று கேட்கிறாள். நாம் சொல்வது, 'ஒண்ணுமில்ல, சாப்பிடு.' காது கேட்கிற தங்கைக்கு யாரும் சொல்ல வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்தபடியே யார் செத்தார், எப்படி, பிள்ளைகள் எங்கிருந்து வர வேண்டும் என்று எல்லாம் காதில் விழுந்துவிடும். உலக விவரத்தில் பாதி இப்படி ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டதுதான். அந்தப் பாதி உங்கள் பெண்ணுக்கு யாராவது உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. சைகை தெரியாவிட்டால் படம் வரையுங்கள், நடித்துக் காட்டுங்கள். 'அப்புறம் சொல்றேன்' என்றால் கட்டாயம் அப்புறம் சொல்லுங்கள். ஒரு கதையில் 'தாத்தா இறந்துவிட்டார், ஆகவே மாமா ஊரிலிருந்து வந்தார்' என்று வந்தால் அந்த 'ஆகவே' அவளுக்கு எங்கிருந்து புரியும்? எதிர்வீட்டுச் சாவிலிருந்துதான்.

படிப்பைத் தொடங்க ஒரு நோட்டு வாங்குங்கள், கோடு போடாதது. தினமும் ஒரு பக்கம். அன்று அவளுக்கு நடந்தது ஒன்றே ஒன்று. சந்தைக்குப் போனீர்களா? பஸ் டிக்கெட்டை ஒட்டுங்கள். வாங்கிய மிட்டாயின் காகிதத்தை ஒட்டுங்கள். அவளைப் படம் வரையச் சொல்லுங்கள். பிறகு கையாலும் வாயாலும் அவளே நடந்ததைச் சொல்லட்டும். அவள் சொன்னதை நீங்கள் இரண்டு வரியாக எழுதுங்கள்: 'நானும் அம்மாவும் சந்தைக்குப் போனோம். அம்மா எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.' பாடப்புத்தகத்தில் வரும் விமான நிலையம் அவளுக்குத் தெரியாது. இந்த மிட்டாய் தெரியும். அர்த்தம் முதலில் வந்துவிட்டது, எழுத்து அதன் மேல் போய் உட்காருகிறது. மறுநாள் அப்பா வந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டி அவள் 'வாசிக்க' வேண்டும். சத்தமாக வாசிக்க வேண்டும் என்று இல்லை, கையால் சொன்னாலும் அது வாசிப்புதான்.

எந்தத் தமிழில் எழுதுவது? நீங்கள் வீட்டில் பேசுவது 'வாங்கிட்டு வந்தாங்க', புத்தகத்தில் இருப்பது 'வாங்கி வந்தார்கள்'. காது கேட்கிற பிள்ளைக்கே இந்தத் தாவல் கொஞ்சம் கஷ்டம், ஆனால் இரண்டும் அதன் காதில் விழுகிறது. உங்கள் பெண்ணுக்குப் புத்தகத் தமிழ் என்பது யாருடைய வாயிலும் அவள் பார்த்திராத பாஷை. நான் செய்வது இது: நோட்டில் நடந்ததை எழுத்துத் தமிழில் எழுதுவேன். அந்தப் படத்தில் இருப்பவர் பேசியதை மட்டும், வாய்க்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, பேச்சுத் தமிழிலேயே எழுதுவேன். 'வாடி, பஸ் வந்துருச்சு!' வட்டத்துக்குள் இருப்பது ஒரு மாதிரி, வெளியே இருப்பது ஒரு மாதிரி என்று ஆறு மாதத்தில் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது தமிழின் சொல் முடிவு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். என்னைக் கேட்டால் நம் பிள்ளைகளின் வாசிப்பு விழுகிற பள்ளமே இங்கேதான் இருக்கிறது.

'அண்ணனை நாய் கடித்தது' என்று எழுதிக் காட்டி, படம் வரையச் சொல்லுங்கள். நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். அண்ணன் நாயைக் கடிப்பது போல வரைவார்கள். சிரிப்பு வரும், ஆனால் பிள்ளை யோசித்துத்தான் வரைந்திருக்கிறது: முதலில் வந்தவன் அண்ணன், ஆகவே செய்தவன் அண்ணன். தமிழில் யார் யாருக்குச் செய்தார் என்பதைச் சொல் நிற்கும் இடம் சொல்வதில்லை. வாலில் ஒட்டிய 'ஐ', 'க்கு', 'ஆல்', 'இல்' சொல்கின்றன. அந்த வாலைத்தான் நாம் பேசும்போது விழுங்குகிறோம். மெஷினிலும் அது தேய்ந்துதான் கேட்கும், உதட்டிலும் தெரியாது. சைகை மொழியில் அப்படி ஒரு வாலே கிடையாது. போதாததற்கு வால் ஒட்டும்போது சொல்லே உருமாறும். 'மரம்' படித்த பிள்ளைக்கு 'மரத்தை' என்பது வேறு சொல். 'ஆறு' வேறு, 'ஆற்றில்' வேறு. 'வா'வும் 'வருவான்'உம் 'வந்தாள்'உம் ஒரே குடும்பம் என்று யார் சொல்லித் தந்தார்கள் அதற்கு?

அதனால் வாலைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். நோட்டில் எழுதும்போது சொல்லைக் கறுப்பு மையிலும் வாலைச் சிவப்பிலும் எழுதுங்கள். பிறகு நாடகம். ஒரு பொம்மை, ஒரு நாய்ப் பொம்மை, இரண்டு சீட்டு. 'நாய் பாப்பாவைக் கடித்தது', 'பாப்பா நாயைக் கடித்தாள்'. அவள் படித்துப் பார்த்து நடத்திக் காட்ட வேண்டும். இரண்டாவது சீட்டில் அவள் விழுந்து விழுந்து சிரித்தால் பாடம் புரிந்துவிட்டது. 'க்கு'வுக்குச் சைகையே கை கொடுக்கும். 'கொடு' என்ற சைகையில் கை கொடுப்பவரிடம் கிளம்பி வாங்குபவரிடம் போய் நிற்கும். கை போய் நிற்கிற ஆளின் மேல் 'க்கு' என்று எழுதிய சிவப்பு அட்டையை வையுங்கள். அப்பாவிடம் கிளம்பி அம்மாவிடம் நின்றால், 'அப்பா அம்மாவுக்குப் பூ கொடுத்தார்'. நூறு முறை செய்யலாம், அலுக்காது. உருமாறும் சொற்களுக்குச் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மரம், மரத்தை, மரத்தில், மரத்துக்கு. பக்கத்தில் ஒரே ஒரு மரம் வரைந்துவிடுங்கள். வாரம் ஒரு குடும்பம் போதும்.

கதைப் புத்தகம் படிக்கும்போது அவளை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், எதிரே உட்காருங்கள். அவள் கண்ணுக்குப் புத்தகமும் உங்கள் முகமும் கையும் ஒரே பார்வையில் பட வேண்டும். அவள் படத்தைப் பார்க்கும்போது பேசாதீர்கள். அவளுக்குக் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் அந்த இரண்டு கண்தான். பார்த்து முடித்து நிமிர்ந்ததும் சொல்லுங்கள். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் படியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் போட்ட சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பள்ளியிலேயே இருக்கும். 'நுழை'யில் தொடங்குங்கள். போனில் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக, நிலை வாரியாகக் கிடைக்கும். 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் எதற்கும் தலையாட்டக் கற்றவர்கள். 'காட்டு', 'வரை', 'நடி' என்று கேளுங்கள்.

பள்ளிக்கு வருகிறேன். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். அவர் எந்தக் கிழமை உங்கள் பள்ளிக்கு வருகிறார் என்று தெரிந்துகொண்டு நோட்டோடு போய்ப் பாருங்கள். வகுப்பு ஆசிரியரிடம் இரண்டே இரண்டு கேளுங்கள்: ஜன்னல் வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும்படி முன்வரிசையில் இவளுக்கு இடம், போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பது. முடிந்தால் பத்து வரி காப்பி எழுதுவதற்குப் பதில் இரண்டு வரியைப் படித்துப் படம் வரையும் வீட்டுப்பாடம். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், அவர்களிடம் நாற்பது பிள்ளைகள்.

சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிப்பது அவள் உரிமை. போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மதிய சாப்பாட்டு நேரத்தில் போய், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சண்டை போடுகிறார்களா என்று பாருங்கள். சண்டை போட மொழி வேண்டும். வகுப்பில் மறுபடி போர்டைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கிறது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தினமும் போய்வரும் தூரம் என்றால் நான் யோசிப்பேன். 7 வயதில் ஹாஸ்டல் என்றால், வீட்டில் கையால் பேச ஒரு அம்மா தயாராக இருக்கும்போது, அவசரப்பட மாட்டேன்.

மூன்று மாதம் நோட்டை எழுதிவிட்டு, நடுவில் ஏதாவது நாலு பக்கத்தைப் போட்டோ எடுத்து, கடைசியாக எடுத்த ஆடியோகிராமோடு (காது சோதனை வரைபடம்) சேர்த்து அனுப்புங்கள். எந்த வாலை அவள் பிடித்துவிட்டாள், எது இன்னும் வழுக்குகிறது என்று பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன். அண்ணன் நாயைக் கடித்த படம் வரைந்தால் அதையும் அனுப்புங்கள்.